அழவைக்கும் புத்தகம் பிள்ளைகளுக்கு ஆகாதா?

பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கிறவர்கள், கையோடு ஒரு நிபந்தனையும் போடுவது வழக்கம். சோகமாக இருக்கக் கூடாது. சாவு வரக் கூடாது. படித்துவிட்டுப் பிள்ளை இரவில் தூங்காமல் கிடக்கக் கூடாது. இந்த நிபந்தனைக்குப் பின்னால் இருப்பது அன்புதான், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த அன்பு சரியான வழியில்தான் போகிறதா என்று நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்.

இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா' என்ற குறுநாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆசிரியரின் பெயரோடு அடைமொழியாகவே ஒட்டிக்கொண்ட கதை இது. பின்னாளில், 2014ஆம் ஆண்டில், 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' என்ற நூலுக்காக அவர் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றார். ஆனாலும் மக்கள் அவரை 'ஆயிஷா நடராசன்' என்றே அழைக்கிறார்கள். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய மெல்லிய புத்தகம் அது. விஞ்ஞானத்தைப் பற்றியது, பள்ளிக்கூடத்தைப் பற்றியது, ஒரு சிறுமியின் சாவைப் பற்றியது. இந்த மூன்றாவது செய்திதான், இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று பெரியவர்களைத் தயங்க வைக்கிறது.

கதை என்ன சொல்கிறது?

கதை முழுவதும் ஒரு முன்னுரை வடிவில் இருக்கிறது. பள்ளி ஆசிரியை ஒருவர் விஞ்ஞான நூல் ஒன்று எழுதியிருக்கிறார். அந்த நூலை ஏன் எழுத நேர்ந்தது என்பதை முன்னுரையில் சொல்கிறார். அவரிடம் படித்த ஆயிஷா என்ற பெண், வாய் ஓயாமல் கேள்வி கேட்பவள். பாடப் புத்தகத்தோடு நில்லாமல் வெளிப் புத்தகங்களையும் தேடிப் படிப்பவள். காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது போன்ற கேள்விகளை வகுப்பில் எழுப்புகிறாள். கேள்விகளுக்குப் பதிலாக அவளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அடிதான். அடி வலிக்காமல் இருக்க விஞ்ஞானத்தில் வழி உண்டா என்று அவள் தேடுகிறாள். மரத்துப்போகச் செய்யும் இரசாயனப் பொருள் ஒன்றைத் தவளையின் மேல் சோதித்துவிட்டு, பிறகு தன் மேலேயே சோதித்துப் பார்க்கிறாள். சாக வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. வலிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் உயிர் போய்விடுகிறது. அவளுக்குத் தான் சொல்லாமல் விட்ட பதில்களைத்தான் அந்த ஆசிரியை பின்னர் நூலாக எழுதுகிறார்.

இதுதான் கதை. இதைப் படித்துவிட்டு அழாதவர்கள் குறைவு. அப்படியானால் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதனால் நன்மையா, தீமையா?

கூத்துக் களம் சொல்லும் பதில்

இக்கேள்விக்கு விடை காண நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் வரை போனால் போதும். சாலையின் இருபுறமும் ஜவுளிக் கடைகள், சுற்றிலும் கருங்கல் குன்றுகள், கிரானைட் பட்டறைகள், மாந்தோப்புகள், சிப்காட் தொழிற்பேட்டை, 1994இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி என்று இன்றைய பர்கூர் இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கள் கழியும். கூத்து விடிய விடிய நடக்கும். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? சிறுபிள்ளைகள்தாம்.

அந்தப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சபை நடுவே ஒரு பெண் மானபங்கப்படுவதைப் பார்க்கிறார்கள். தங்களைவிடச் சில வயதே மூத்த அபிமன்யு, உள்ளே நுழைய வழி தெரிந்து வெளியே வர வழி தெரியாமல், பெரியவர்கள் பலர் சூழ்ந்து நின்று அடிக்க மாண்டுபோவதைப் பார்க்கிறார்கள். கடைசி நாளில் படுகளத்தில், மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவம் தரையில் கிடப்பதைப் பார்க்கிறார்கள். எந்தத் தாயும் "இது பிள்ளைக்கு ஆகாது" என்று கண்ணைப் பொத்துவதில்லை. மாறாகப் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, இவன் யார், அவள் யார் என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, இதே பாரதக் கதையை 'வியாசர் விருந்து' என்ற பெயரில் எளிய தமிழில் எழுதினார். இளைஞர்களும் படிக்கட்டும் என்பதற்காக அபிமன்யுவின் சாவை அவர் விட்டுவிடவில்லை. தூங்குகிறவர்களை அசுவத்தாமன் கொன்ற கொடுமையையும் விட்டுவிடவில்லை. 'திண்ணை இரசாயனம்', 'தாவரங்களின் இல்லறம்' என்று விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முயன்றவரும் அவரே என்பது இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஆக, துயரக் கதை நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று. கூத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். கூத்தில் பிள்ளை தனியாக இல்லை. பக்கத்தில் பாட்டி இருக்கிறாள். சுற்றிலும் ஊரே இருக்கிறது. போதாக்குறைக்குக் கட்டியங்காரன் இருக்கிறான். துக்கம் நெஞ்சை அடைக்கும் நேரத்தில் அவன் குறுக்கே வந்து ஒரு கேள்வி கேட்பான். ஒரு கேலி செய்வான். நடந்ததை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்வான். பார்ப்பவர்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள். கதையின் கனம் குறையாது. அதைச் சுமக்கும் தெம்பு கூடும்.

புத்தகம் படிக்கும் பிள்ளைக்குக் கட்டியங்காரன் யார்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புத்தகத்தை மறைத்து வைப்பது இதற்குப் பதிலாகாது.

கடினமான கதை என்ன தருகிறது?

முதலாவது, சொல் தருகிறது. வகுப்பில் அடிபட்ட பிள்ளை, வீட்டில் வாய் திறப்பதில்லை. சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விதான் வரும் என்று அதற்குத் தெரியும். பர்கூர்ப் பகுதியில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்களும் கலந்து வாழ்கின்றன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளைக்கு, பள்ளியில் பட்ட அவமானத்தை எந்த மொழியில் சொல்வது என்பதே ஒரு சிக்கல். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கதை ஒரு வாய்ப்பைத் தருகிறது. "எனக்கு வலித்தது" என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, "ஆயிஷாவுக்கு வலித்தது" என்று சொல்லிவிடும். அங்கிருந்து தன் கதைக்கு வருவதற்கு அதிக தூரம் இல்லை.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். விஞ்ஞானக் கதைகளில் கேள்வி கேட்கும் பிள்ளை என்றால் பெரும்பாலும் ஒரு பையன்; அதுவும் பட்டணத்துப் பையன். இக்கதையில் கேள்வி கேட்பவள் ஒரு முஸ்லிம் பெண், ஆதரவு குறைந்தவள். நம் வகுப்பறையின் அடுத்த பெஞ்சில் இருக்கும் பெண்ணின் பெயர் ஒரு விஞ்ஞானக் கதையின் தலைப்பாக இருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, விஞ்ஞானம் வேறு யாருடைய வீட்டுச் சொத்தோ என்ற எண்ணம் சற்றே ஆட்டம் காணும்.

இரண்டாவது, முடியாத கேள்வியோடு இருக்கப் பழக்குகிறது. எளிய கதை கடைசிப் பக்கத்தில் முடிச்சை அவிழ்த்துவிடும். கடினமான கதை அப்படிச் செய்வதில்லை. ஆயிஷாவின் சாவுக்கு யார் காரணம்? அடித்தவர்களா? பார்த்துக்கொண்டிருந்தவர்களா? பாடத்திட்டமா? அவளுடைய அவசரமா? புத்தகத்தை மூடிய பிறகும் இக்கேள்விகள் ஓயாது.

விஞ்ஞானமும் இப்படித்தான். காந்தத்தை வெட்டும் கேள்வியையே பாருங்கள். ஒரு சட்டக் காந்தத்தை இரண்டாக வெட்டினால் வடதுருவம் ஒரு துண்டிலும் தென்துருவம் மறு துண்டிலும் தங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு துருவங்களும் வந்துவிடுகின்றன. மேலும் வெட்டுங்கள், அப்படியே. அணு அளவுக்குப் போனாலும் இதே கதைதான். எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் தானே ஒரு சிறு காந்தமாக நடந்துகொள்கிறது. ஒற்றைத் துருவம் மட்டும் உள்ள துகள் இயற்கையில் இருக்கக்கூடும் என்று பால் டிராக் 1931இல் கணக்கிட்டுக் காட்டினார். இன்றுவரை அப்படி ஒரு துகள் ஐயத்துக்கிடமின்றி அகப்படவில்லை. தேடல் தொடர்கிறது. ஆக, பள்ளிச் சிறுமி கேட்கும் கேள்வி ஒன்று பௌதிகத்தின் எல்லை வரை போய் நிற்கிறது. விடை உடனே கிடைக்காது என்று தெரிந்தும் கேள்வியைக் கைவிடாமல் இருப்பவனே விஞ்ஞானி. அந்தப் பொறுமையைப் பாடப் புத்தகத்தின் "விடை தருக" பகுதி கற்பிப்பதில்லை. நெஞ்சில் முள்ளாக நிற்கும் கதை கற்பிக்கிறது.

மூன்றாவது, பிறர் உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்கக் கற்பிக்கிறது. இதைப் பற்றி உளவியலாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ என்ற இருவர் 2013இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலக்கியத் தரமான கதை ஒன்றைச் சிறிது நேரம் படித்தவர்கள், படத்திலுள்ள கண்களை மட்டும் பார்த்து அந்த மனிதரின் உணர்ச்சியைக் கூறும் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்று மேலாக விளங்கினார்கள் என்றது அந்த ஆய்வு. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் விஞ்ஞானத்தில் ஒருமுறை கண்டது போதாது. மற்றவர்களும் செய்து பார்த்து அதையே காண வேண்டும். 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய இரு இதழ்களிலும் 2010 முதல் 2015 வரை வெளிவந்த 21 சமூகவியல் பரிசோதனைகளை ஒரு குழுவினர் மீண்டும் செய்து பார்த்து, முடிவை 2018இல் வெளியிட்டனர். 13 மட்டுமே தேறின. தேறாதவற்றுள் இந்தக் கதைப் பரிசோதனையும் ஒன்று. அதே ஆண்டில், இத்துறையில் நடந்த பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த வேறொரு ஆய்வு, கதை வாசிப்பினால் பலன் உண்டு, ஆனால் அது சிறிது என்று கூறியது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு கதை படித்துவிட்டால் பிள்ளையின் உள்ளம் விரிந்துவிடும் என்பது மிகைப் பேச்சு. கதை ஒரு மாத்திரை அன்று, விழுங்கியவுடன் வேலை செய்வதற்கு. படிப்பதும், அதைப் பற்றிப் பேசுவதும், மறுபடி படிப்பதுமாகப் பல ஆண்டுகள் தொடர்ந்தால்தான் பலன் சேரும்.

இரண்டு பெண்கள் கேட்ட கேள்விகள்

ஆயிஷாவின் கதைக்கு நேர்மாறான ஒரு புத்தகமும் உண்டு. இலண்டனில் ஜேன் மார்செட் என்ற அம்மையார் 'இரசாயனம் பற்றிய உரையாடல்கள்' என்ற நூலை எழுதினார். 1806இல் வெளிவந்த அந்நூலில் முதலில் அவர் பெயர்கூட இல்லை. எமிலி, கரோலின் என்ற இரண்டு சிறுமியர் கேள்வி கேட்கிறார்கள். ஆசிரியை ஒருவர் சலிக்காமல் பதில் சொல்கிறார். நூல் முழுவதும் இவ்வளவுதான். அக்காலத்தில் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஓர் ஏழைப் பையனின் கையில் அது கிடைத்தது. அவன் பெயர் மைக்கேல் பாரடே. 1813இல் ஹம்ப்ரி டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, 1831இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிக் காட்டிய அதே பாரடேதான். மார்செட் அம்மையாரிடம் கற்றதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கேள்வி கேட்ட இரு சிறுமியருக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலிலிருந்து ஒரு பாரடே தோன்றினார். ஆயிஷாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு பதிலின் விலை என்னவென்று தெரியும். மார்செட்டின் நூல் விஞ்ஞானத்தின் இன்பத்தைக் காட்டுகிறது; நடராசனின் கதை அந்த இன்பம் மறுக்கப்படுவதன் துன்பத்தைக் காட்டுகிறது. பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால், பதில் கிடைக்காத பிள்ளைகளும் உலகில் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

கதையின் குறைகள்

நல்ல கதை என்பதால் குறை சொல்லக் கூடாது என்பதில்லை. 'ஆயிஷா'வில் இரண்டு குறைகளைச் சுட்ட வேண்டும்.

ஒன்று, கதைசொல்லும் ஆசிரியை தவிர மற்ற ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் இருக்கிறார்கள். அவர்களும் அடிவாங்கிப் படித்தவர்கள்தாம்; நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள்தாம். அந்தப் பக்கத்தையும் கதை காட்டியிருந்தால் அதன் குற்றச்சாட்டு மேலும் வலுத்திருக்கும். கொடியவர்கள் செய்யும் கொடுமையைவிட, சாதாரண மனிதர்கள் அன்றாடப் பழக்கத்தால் செய்யும் கொடுமைதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கும். ஆனால் கதைசொல்லும் ஆசிரியையிடம் இக்குறை இல்லை. அவர் நல்லவர், ஆனாலும் காலம் தாழ்த்திவிட்டார். கதையின் உயிர் அவருடைய குற்ற உணர்ச்சியில்தான் இருக்கிறது.

இரண்டாவது குறை விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. இளம் வாசகர்களைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது. தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே மனிதருக்கும் ஆகாது என்பது பிழையான முடிவு. ஒரு மருந்து உடலில் எப்படி வேலை செய்யும் என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். அளவு, உடலின் எடை, மருந்து உள்ளே செல்லும் வழி, அதன் தூய்மை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் அளவு மீறினால் மூச்சையும் இதயத்தையும் நிறுத்திவிடும். அதனால்தான் அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே தனியே படித்த மருத்துவர் ஒருவர் கடைசிவரை பக்கத்தில் நிற்கிறார்.

விஞ்ஞானிகள் தம் மேலேயே சோதனை செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்தார்கள். ஹம்ப்ரி டேவி 1799இல் சிரிப்பு வாயுவைத் தானே சுவாசித்துப் பார்த்தார். அது வலியைப் போக்குகிறது என்பதைக் கண்டு, அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று 1800இல் எழுதினார். ஆனால் அதே துணிச்சலில், கார்பன் மோனாக்ஸைடு கலந்த வேறொரு வாயுவைச் சுவாசித்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அவர் பிழைத்தது தற்செயல். சிரிப்பு வாயுவோ, 1844இல் ஹொரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அதைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்கிக்கொள்ளும் வரை சிகிச்சையில் இடம்பெறவில்லை. தன் மேல் சோதித்துக்கொள்வது வீரம் அன்று. விஞ்ஞானம் அறியாப் பருவத்தில் இருந்தபோது நடந்த ஆபத்தான பழக்கம் அது. கதையில் இதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. கதைக்கு வெளியே, படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், சொல்ல ஒருவர் இருந்தாக வேண்டும்.

கட்டியங்காரனாக யார் வருவது?

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். 'ஆயிஷா'வைப் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் கொடுத்துவிட்டு விலகிப் போகாதீர்கள். நீங்கள் முதலில் படியுங்கள். இயன்றால் வகுப்பிலோ வீட்டிலோ உரக்க வாசியுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டலாம். கல்குவாரியிலிருந்தும் தொழிற்சாலை ஷிப்டிலிருந்தும் களைத்து வரும் தாய் தந்தையருக்கும் இந்தக் கதை புரியும்; பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். முடிந்தவுடன் "நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் உனக்குக் கோபம் வந்தது?" என்று கேளுங்கள். "அந்த ஆசிரியை எந்த நாளில் குறுக்கிட்டிருக்கலாம்?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு காது கொடுங்கள்.

இன்னும் இளைய பிள்ளைகளுக்கு வேறு படிகள் உண்டு. ஜப்பானில் 1981இல் டெட்சுகோ குரோயானகி எழுதி, தமிழிலும் வந்துள்ள 'டோட்டோ-சான்' அவற்றுள் ஒன்று. அதிலும் இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு தோழன் இறந்துபோகிறான். போரில் பள்ளிக்கூடமே எரிந்துபோகிறது. ஆனால் பிள்ளைகள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் தலைமையாசிரியர் ஒருவர் கதை நெடுகக் கூடவே வருகிறார். கதைக்கு உள்ளேயே ஒரு கட்டியங்காரன் இருக்கும் புத்தகம் அது. அங்கே தொடங்கி ஆயிஷாவுக்கு வரலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். படித்த கதை உங்கள் சொந்தத் துன்பத்தைக் கிளறினால் அதை உள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆயிஷாவின் காலத்தில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனது 17ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துள்ளது. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் கட்டணமின்றி உதவி கிடைக்கும். அதற்கும் முன்னால், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஆயிஷா செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது சுருக்கமானது. பள்ளி நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் புத்தகத்தில் உள்ள துன்பம் வகுப்பறையிலிருந்து எடுபட்டுவிடாது. அதைப் பற்றிப் பேசும் வாய்ப்புதான் எடுபட்டுப் போகும். ஆகவே அந்த அலமாரியைத் திறந்தே வையுங்கள். பிள்ளை புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள்.